செக்கிங் சார் செய்த மிகச் சின்ன ஜெபம்

ஆண்டவருக்கே வேலை சொல்லிக் கொடுக்கிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் ஆம்பூரில், எங்கள் தெருவில் குடியிருக்கிறார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் செக்கிங் சார். ஷூ கம்பெனியில் கடைசிப் பரிசோதனை அவர் பொறுப்பு. அவர் கை படாமல் ஒரு ஜோடி ஷூ டப்பாவுக்குள் போகாது. நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். தெருவும் சபையும்கூட ஒன்றே என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு விடுதலை கிடையாது.

கம்பெனியில் செய்ததைத்தான் அவர் சபையிலும் செய்தார். கூட்டத்துக்கு முன்னால் ஜெபிக்கச் சொன்னால் வேதாகமத் தமிழில் கம்பீரமாக ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில், காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் குரல் வந்துவிடும்.

“பரிசுத்தமுள்ள பிதாவே, கூட்டம் முடியற வரைக்கும் மழ வேணாம். அப்புறமா பெய்யட்டும். அதுவும் இங்க வேணாம். காவேரிப்பாக்கம் ஏரில தண்ணி கம்மியா இருக்கு, அங்க பெய்யட்டும்.”

இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டும் மனம் கேட்காமல் பந்தலுக்கு மேலே தார்ப்பாயும் கட்டச் சொல்லியிருப்பார். ஆண்டவரின் சித்தப்படியே ஆகட்டும் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும் இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். பக்கத்தில் நின்றவன் என்பதால் எனக்குத் தெரியும்.

ஷூவின் அடிப்பாகம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது அவர் தொழில். ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்தில், மேடையேறத் தயாராக நின்ற தேவதூதனின் இறக்கையையும் அப்படியே இழுத்துப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது. அந்த வருஷம் மரியாளுக்கு நற்செய்தி சொல்ல ஒற்றை இறக்கையோடுதான் தூதன் வந்தார். சார் பிய்ந்து வந்த இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, பசை மட்டமான சரக்கு என்று பாஸ்டரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி எஸ்தர் அக்கா இதற்கு நேர் எதிர். எதற்கும் பதறமாட்டார். ஒருமுறை இருவரும் சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். அரக்கோணத்தில் ரயில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றது. காரணம் கேட்டு வருகிறேன் என்று சார் இறங்கி, இன்ஜின் வரைக்கும் நடந்தார். காரணம் தெரிந்துகொண்டு திரும்புவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. அவர் அடுத்த ரயிலைப் பிடித்து அலறியடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது, அக்கா சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பாயசம் தீர்ந்துபோகும், முதலில் பந்திக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னாராம்.

அப்பேர்ப்பட்ட அக்காவுக்குப் போன வருஷம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்ததில் இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார்கள். பயப்பட வேண்டிய ஆபரேஷன்தான், ஆனால் தள்ளிப்போட்டால் அதைவிட ஆபத்து என்றும் சொன்னார்கள்.

செக்கிங் சார் டாக்டரை விசாரித்தார். எந்த நூல் போடுவீர்கள், அங்குலத்துக்கு எத்தனை தையல் வரும், தையல் பிரிந்தால் என்ன ஏற்பாடு என்று வரிசையாகக் கேட்டார். டாக்டர் நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஆபரேஷன் நடக்கும்போது தான் ஓரமாக நின்றுகொள்ளலாமா என்று சார் கேட்டதற்கு மட்டும் முடியாது என்றுவிட்டார்.

ஆபரேஷன் அன்று காலை நானும் கூடப் போயிருந்தேன். அக்காவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை கொண்டுவந்தார்கள். சார் வண்டியின் கம்பியைப் பிடித்தபடியே நடந்து வந்தார். கதவு திறந்தது. அவர் கம்பியை விடவில்லை. நர்ஸ் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். தோலைத் தடவியே தையல் கோணலைக் கண்டுபிடிக்கும் அந்த விரல்கள் கம்பியை இன்னும் இறுக்கிக்கொண்டன.

அக்கா அவர் கைமேல் தன் கையை வைத்தார்.

“நீங்க புடிச்சிக்கினே இருந்தா என்னிய எப்டி உள்ள தள்ளிக்கினு போவாங்க? கைய எடுங்க. ஆண்டவர் பாத்துப்பாரு.”

சார் ஒவ்வொரு விரலாக எடுத்தார். கதவு மூடிக்கொண்டது.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, ஜெபிக்கலாம் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மயக்க மருந்தில் ஆரம்பித்து கடைசித் தையல் வரைக்கும் ஆண்டவருக்கு உத்தரவு போகும் என்று எதிர்பார்த்தேன். சார் சொன்னது இவ்வளவுதான்.

“ஆண்டவரே, இது எனக்குத் தெரியாத வேல. அவள உங்க கைல குடுத்துட்டேன். நீங்க இன்னா செஞ்சாலும் சரி. ஆமென்.”

கண்ணைத் திறந்து பார்த்தேன். முகம் நனைந்திருந்தது. பிறகு சுவரில் சாய்ந்தவர், நான் கொஞ்சமும் எதிர்பாராதபடி தூங்கிப்போனார். சாதாரணத் தூக்கம் இல்லை, அந்த வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்க்கும் குறட்டை. பல நாளாக அவர் தூங்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டாக்டர் வெளியே வந்தபோது நான்தான் அவரை உலுக்கி எழுப்பினேன். புது வால்வு நன்றாக வேலை செய்கிறது, பயமில்லை என்றார் டாக்டர். சார் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்காக அடியோடு மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். போன மாதம்கூட எங்கள் வீட்டு கேட் கீல் கோணலாக இருக்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார். ஆனால் சாயங்காலத்தில் அக்காவை நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அக்கா முன்னால் மெதுவாக நடக்க, சார் ஓரடி பின்னால் வருகிறார். எந்தப் பக்கம் சார் கிளம்பிட்டீங்க என்று கேட்டால், “அவளத்தான் கேக்கணும்” என்று சிரிக்கிறார்.

தினமும் அவர்கள் இருவரும் எங்கள் வீட்டைக் கடக்கும் நேரத்துக்குச் சரியாக நான் வாசலில் வந்து நிற்பது காற்றுக்காக என்றுதான் என் மனைவி இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.