நல்லெண்ணெய் அண்ணாச்சியும் தகரக்கூரைத் தொட்டியும்

உலகத்திலுள்ள அத்தனை கோளாறுக்கும் நல்லெண்ணெய்தான் மருந்து என்று நம்பிய ஒரே அரசு ஊழியர் எங்கள் பாளையங்கோட்டை ஆபீஸின் ரெக்கார்டு கிளார்க்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி நல்லெண்ணெய் அண்ணாச்சி. ஃபேன் முனகினால் எண்ணெய், பீரோ முரண்டு பிடித்தால் எண்ணெய். ஒருமுறை டைப்ரைட்டருக்கும் ஊற்றிவிட்டார். ஒரு மாதம் எங்கள் ஆபீஸ் கடிதமெல்லாம் வடை மடித்த காகிதம் மாதிரி போயின. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள்.

இப்பேர்ப்பட்ட மேதையைக் குடும்பத்தோடு போகிற இடத்துக்கு நான் கூட்டிப் போவேனா? அவராகவே வந்து சேர்ந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில், துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் ஊருக்கு வெளியே பழைய பஞ்சுக் கிடங்குக்குள் தொட்டி கட்டி, சறுக்கு வைத்து, ‘வாட்டர் பார்க்’ என்று போர்டு மாட்டினார். தாமிரபரணி சும்மா ஓடுகிற ஊரில், தகரக்கூரைக்கு அடியில் குளிக்க டிக்கெட்! தலையெழுத்து. ஆனால் எனக்கு வேறு வழியில்லை. என் நாலு வயது மகள் படித்துறையில் வழுக்கி, முங்கி எழுந்ததிலிருந்து தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற விடமாட்டாள். எட்டு மாதமாக ஈரத்துணியால் துடைப்பதுதான் குளியல். முழங்கால் தண்ணீரில் மற்ற பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தாலாவது பயம் தெளியாதா என்று நானும் என் மனைவியும் ஏங்கிக்கொண்டிருந்தோம்.

இதை ஆபீஸில் சொல்லித் தொலைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போனால், பார்க் வாசலில் தூக்குவாளியோடு நிற்கிறார் மனிதர்.

“என்ன அண்ணாச்சி இது?”

“மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் காய்ச்சுன எண்ணெ வே. குத்தாலத்துக்கு எவனாவது எண்ணெ தேய்க்காமப் போவானா? பிள்ளேளுக்குச் சளி பிடிச்சுரும்லா.”

“இது அருவி இல்ல அண்ணாச்சி, தொட்டி!”

“எல்லாம் தண்ணிதாம்வே.”

நான் டிக்கெட் வாங்கித் திரும்புவதற்குள் என் மூத்த பையன் உச்சி முதல் உள்ளங்கால் வரை பளபளத்தான். வரிசையில் நின்ற தாய்மார்களும் குற்றால ஞாபகத்தில் தங்கள் பிள்ளைகளை முன்னே தள்ளினார்கள். அத்தனை பேரில் ஒருவருக்காவது புத்தி வேண்டாமா?

பையன் சறுக்கில் ஏறினான். அவ்வளவுதான் தெரியும். தொட்டியைத் தொடாமலே தாண்டி, ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மேனேஜர் மடியில் போய் விழுந்தான். பின்னாலேயே இன்னும் மூன்று உருப்படிகள். மற்ற பிள்ளைகள் இறங்கிய தொட்டித் தண்ணீரில் ரசம் மாதிரி எண்ணெய் மிதந்தது. மிளகும் இருந்தது.

“எவம்லே எண்ணெ தேச்சது? எல்லாரும் வெளிய போங்க! தொட்டிய எறைச்சுக் கழுவணும்!” என்று மேனேஜர் குதித்தார்.

என் மகள் கால்கூட நனைக்கவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “உம்மள யாருவே இங்கன கூப்புட்டா? எம் பிள்ளைக்குப் பயம் தெளியணும்னு வந்தேன். எல்லாத்தையும் கெடுத்துட்டீரே!” என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

அண்ணாச்சி தூக்குவாளியைக் கீழே வைத்தார். வெளியே கால் கழுவுகிற குழாயடியில் சட்டையோடு போய் உட்கார்ந்தார். அங்கே கிடந்த சொம்பை நிரப்பி என் மகளிடம் நீட்டினார்.

“மாமா தப்பு செஞ்சுட்டேன் தாயி. மாமா தலையில ஊத்து. பைய ஊத்து, மாமாவுக்குப் பயமா இருக்கு.”

அவள் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஊற்றினாள். “யம்மாடி, செத்தேன்!” என்று அண்ணாச்சி அலறிய அலறலில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இன்னொரு சொம்பு. அப்புறம் எத்தனை என்று தெரியாது. கடைசியில் அவளே சொம்பை நிரப்பி அவர் கையில் கொடுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

“இப்ப எனக்கு, மாமா.”

அண்ணாச்சி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். என் மனைவி அழுதேவிட்டாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தோளில் கிடந்த புதுத்துண்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“வேண்டாம்வே, துண்டெல்லாம் எண்ணெயாயிரும்.”

“ஆகட்டும் அண்ணாச்சி, துவட்டும்” என்றேன்.