ஆறாவது விலாசத்துக்கு இடமில்லை

காஜா பெராங், மலாக்கா
அக்டோபர் 1957

அன்புள்ள அக்கா சந்திரமதிக்கு, தம்பி பொன்னுதுரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஈப்போவில் நீயும் அத்தானும் புதிதாய்ப் பிறந்த மகளும் சுகமாய் இருக்க வேண்டும். நாங்கள் சுகமா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே சொல்.

அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் பழுது பார்த்து, குழந்தையின் படத்தையும் சேர்த்துப் பார்சல் அனுப்பியதாக எழுதியிருந்தாய். பார்சல் மலாக்கா வந்தது. எங்களிடம் வரவில்லை. நீ விலாசமாய் எழுதிய காஜா பெராங் வீட்டை நாங்கள் அதற்குள் காலி செய்துவிட்டோம். "ரப்பர் எஸ்டேட் ஆளுங்களா?" என்று கேட்ட மறுநாளே இந்த ஊர் வீட்டுக்காரர்களுக்கு அறை அவசரமாகத் தேவைப்பட்டுவிடுகிறது. சுதந்திரம் வந்ததென்று "மெர்டேக்கா" போட்டுத் திடலில் தொண்டை கிழியக் கத்தினேன், பாய் விரிக்க இடம் கிடைக்கவில்லை. பழைய வீட்டுக்காரர் அப்பாசாமி பெரிய மனதோடு விலாசத்தை அடித்து, நாங்கள் குடிபோன பத்து பெரெண்டாம் என்ற ஊரை எழுதித் திரும்பத் தபாலில் போட்டார், அங்கிருந்தும் நாங்கள் போய்விட்டதால் அந்த வீட்டு ஜெயா அதை அடித்துக் கிளேபாங் என்று எழுதினாள், கிளேபாங்கில் அலி அக்பர் பாய் கடைப் பின்னறைக்குள் கடல்தண்ணி ஏறி நாங்கள் மாமா வீட்டுக்கு ஓடியிருந்ததால் பாய் ஆயர் குரோ என்று எழுதினார், மாமா "இவன் எங்க போவான், பழைய இடத்துக்குத்தான்" என்று காஜா பெராங்குக்கே அனுப்பினார், அப்பாசாமி யோசிக்காமல் மறுபடியும் பத்து பெரெண்டாம் என்று எழுதினார்! நாங்கள் அதற்குள் திரும்பி வந்து அவர் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில்தான் இருக்கிறோம், அக்கா. ஜெயா ஆறாவதாக எழுதப் பேனாவை எடுத்ததும் தபால்காரர் பார்சலைப் பிடுங்கிக்கொண்டாராம்.

கேள்விப்பட்டதும் அம்மாவைக் கைபிடித்துத் தபால் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். பார்சல், அங்கே எழுத்துவேலை பார்க்கும் கிராணி நடராஜனின் மேசைமேல் இருந்தது.

"அஞ்சு தடவைதான் தம்பி விலாசம் மாத்தலாம். இனிமே அனுப்பினவங்களுக்கே போகணும்."

"நான்தாங்க பொன்னுதுரை. கண்ணு முன்னாடி நிக்கிறேன்."

"நில்லுங்க. பார்சல் உங்கள பத்து பெரெண்டாம்ல இருக்கிறதா சொல்லுது."

நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா கை நீட்டிப் பார்சலைத் தடவினார். "கண்ணாடிக் கூடு இதுடா. இது படம், ஓரம் குத்துது." படம் இருந்த பக்கத்தை விரலால் மறுபடி தடவி, "யார் ஜாடைன்னு கையில தெரியலையே" என்றார். நடராஜன் கெட்டவரில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். தபால் மூட்டை கட்டும்வரை அம்மா மடியில் இருக்கட்டும் என்று விட்டார். பிறகு மெதுவாய் வாங்கி, ஈப்போவுக்கு முத்திரை குத்தினார்.

ஆகவே பார்சல் வந்தால் திருப்பி அனுப்பாதே. நிலையான வீடு பார்த்து எழுதுகிறேன். அதுவரை அம்மாவை ஓர் அடிகூட நகர விடமாட்டேன், கண் தெரியாமல் எங்கே போவார்? குழந்தை யார் ஜாடை என்று நீயே எழுது, படித்துக் காட்டுகிறேன். அத்தானுக்கு வணக்கம். மருமகளுக்கு மாமனின் முத்தம்.

தம்பி,
பொன்னுதுரை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அம்மாவைக் காணோம். ரயிலடி இருக்கும் தம்பின் என்ற ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டதே அப்பாசாமிதானாம். அங்கிருந்து ஈப்போவுக்கு ரயில். உன் விலாசத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, "பார்சலுக்குத்தான் அஞ்சு தடவை. நான் அம்பது பேருகிட்ட கேட்டுப் போயிருவேன்" என்றாராம். இது கிடைக்கும்போது அம்மா கண்ணாடி போட்டு உட்கார்ந்திருப்பார். யார் ஜாடை என்று அவரிடம் கேட்டு எனக்கு எழுது. சீக்கிரம் எழுது, இந்த வீட்டிலும் நேற்று "எஸ்டேட் ஆளா?" என்று கேட்டுவிட்டார்கள்.