மேளத்துக்குப் பின்னால் வந்த ஐந்நூறு குதிரைகள்

புஸ்ஸு அண்ணனைவிட வேகமான காரைக் கட்டியவர் ஓசூரில் கிடையாது. அவரைவிட மெதுவாகக் கார் ஓட்டியவரும் கிடையாது. இரண்டாவதற்கு நானே சாட்சி. பாகலூர் ரோட்டில் ரோஜாக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போகும் மொபெட்டுகள் எங்களைச் சர்வசாதாரணமாக முந்தும். ஒருமுறை, மொபெட்டின் பின்னால் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் திரும்பிப் பார்த்து, வண்டி ரிப்பேரா என்று அக்கறையாக விசாரித்தார். ஆமாம்மா, கொஞ்சம் மக்கர் பண்ணுது என்றார் அண்ணன் பணிவாக. நாங்கள் உட்கார்ந்திருந்த ஆரஞ்சு நிற ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினுக்குள் அப்போது ஐந்நூறு குதிரைகள் சும்மா உட்கார்ந்து புல் மேய்ந்துகொண்டிருந்தன.

ஏன் அண்ணா இப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான். "ரோடு ஊர்க்காரங்களோடது தம்பி. டிராக்குதான் நம்மளது."

டிராக்கில் அவர் வேறு ஆள். சென்னைப் பக்கத்து ரேஸ் டிராக்கில் ஒரு சுற்று அவரோடு போய்விட்டு இறங்கிய நான், காலையில் சாப்பிட்ட பொங்கல் எந்த உறுப்பில் இருக்கிறது என்று தெரியாமல் வெகுநேரம் புல்லில் படுத்திருந்தேன்.

புஸ்ஸு என்ற பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். டர்போ என்பது, இன்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், மிஞ்சிய காற்று 'புஸ்ஸ்' என்று வெளியேறும். அண்ணனும் அப்படித்தான். கோபம் அடங்கினாலும் புஸ்ஸ், தோசை ருசித்தாலும் புஸ்ஸ். நிஜப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டுமே தெரியும்.

நான் சிவகாசிப் பக்கத்துக்காரன். இன்ஜினியரிங் முடித்து, சிப்காட்டில் பிரேக் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தர சோதனை வேலை. காலை ஷிஃப்ட் முடிந்ததும் பேருந்தில் அறைக்குப் போகாமல் நேராக அண்ணனின் கார் ஷெட்டுக்குப் போய்விடுவேன். பகலெல்லாம் வண்டியை நிறுத்தும் சாமானைப் பரிசோதித்துவிட்டு, மாலையில் வண்டியைப் பறக்கவிடுபவரோடு டீ குடிப்பதில் எனக்கு ஒரு தனிக் கிளுகிளுப்பு.

அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகப் பதிவெண்ணோடு பெங்களூர் பையன்கள் தங்கள் கார்களை வேகமாக்கிக்கொள்ள வருவார்கள். வந்ததும் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, "தெருவுக்கா, டிராக்குக்கா?" ரெண்டுக்கும் என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. அப்படிச் சொன்ன ஒரு ஐ.டி. பையனை அவர் தன் ஆரஞ்சு காரில் ஏற்றி, ஓசூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு அழைத்துப் போனார். டிராக்குக்காக ஸ்பிரிங்கையெல்லாம் கருங்கல்லாக இறுக்கிய கார் அது. பத்து ரூபாய் நாணயத்தின் மேல் ஏறினால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதுகெலும்பு வாசித்துச் சொல்லும். திரும்பி வந்த பையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தெருவுக்கு மட்டும் போதும் குரு" என்றான்.

அண்ணனுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய அம்மா பெண் பார்க்காத ஊர் மாவட்டத்தில் பாக்கியில்லை. சிங்காரப்பேட்டையில் பெண்ணின் அப்பா, பழம் வாங்கிவர தன் பழைய காரை ஸ்டார்ட் செய்தார். காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த அண்ணனின் காதுகள் நிமிர்ந்தன. எல்லாரும் பெண்ணை அழைத்து வந்து நிறுத்தியபோது மாப்பிள்ளையைக் காணோம். வாசலில், காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெள்ளை வேட்டியோடு நீட்டிக்கொண்டிருந்தன. ஆயில் வழியும் முகத்தோடு வெளியே வந்து, "சைலன்சர் ஓட்டைங்க, பொண்ணு புடிச்சிருக்குங்க" என்று ஒரே மூச்சில் சொன்னார். அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

பர்கூரில்தான் காற்று திரும்பியது. பெண் மஞ்சுளா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு வார்த்தை தனியாகப் பேசட்டும் என்று மாமரத்தடிக்கு அனுப்பினார்கள். அண்ணன் இருபது நிமிடமும் காரைப் பற்றியே பேசியதாக அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

"அதுல ஏசி இருக்குங்களா?" என்று கேட்டிருக்கிறார் மஞ்சுளா.

"வெயிட்டுன்னு கழட்டிட்டங்க."

"பின்சீட்டு?"

"அதுவும் வெயிட்டுங்க."

"அப்ப என்னையும் கழட்டி வெச்சிடுவீங்களா?"

அண்ணனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் புஸ்ஸ் வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் எதிரே வந்த ஒரு காரையும் ஏறிட்டுப் பார்க்காததைக் கண்டு, காய்ச்சலோ என்று அம்மா தெலுங்கில் புலம்பிக்கொண்டு வந்தார்.

தடையாக வந்தவர் பெண்ணின் தாய்மாமன். கிரானைட் லாரி வைத்திருப்பவர். அதற்கு முன் பல வருடம் அதே லாரிகளை ஓட்டியவர். நாங்கள் பேசி முடிக்கப் போனபோது, அவர் மீசையைத் தொடாமல், குரலை உயர்த்தாமல் பேசினார். "ஹைவேயில எத்தினி பேர நான் பொறுக்கி எடுத்துருக்கேன் தெரியுமா? ரேஸ் கார்க்காரனுக்குக் குடுத்துட்டு, எம் பொண்ணு தெனம் வாசலப் பாத்துக்கினு உக்காரணுமா?"

அண்ணன் ரோட்டில் நாற்பதைத் தாண்டுவதில்லை என்று நான் சொன்னேன். மாமன் சிரித்துவிட்டார். இத்தனை பெரிய இன்ஜினை வைத்துக்கொண்டு நாற்பதில் போவதாகச் சொல்பவனை உலகத்தில் யார் நம்புவார்? கடைசியில் அவரே ஒரு பரீட்சை வைத்தார். நிச்சயதார்த்தத்தன்று மாரியம்மன் கோயிலிலிருந்து பெண் வீடு வரை மேளத்தோடு தட்டு வரிசை போகும். அதற்குப் பின்னால் மாப்பிள்ளை அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு வரட்டும்.

"மேளத்த முந்தக் கூடாது. நடுவுல நிக்கக் கூடாது. காரு சத்தம் மேளத்துக்கு மேல கேக்கக் கூடாது. செஞ்சா தட்ட மாத்திக்கலாம். இல்லன்னா சாப்ட்டுட்டுக் கெளம்பிடுங்க."

அன்று முதல் ஷெட்டில் தலைகீழ் வேலை தொடங்கியது. ஒரு காரை மெதுவாக்க இத்தனை மூளைகள் பாடுபட்டது சரித்திரத்திலேயே அதுதான் முதல்முறை. இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று கட்டளையிடும் கணக்குகளை அண்ணன் லேப்டாப்பில் புதிதாக எழுதினார். டர்போவைத் தூங்க வைத்தார். சைலன்சருக்குள் கம்பளியே சொருகினார். அந்தப் புது அமைப்புக்கு 'மேளம்' என்று பெயர் வைத்துச் சேமித்தார். ஒத்திகைக்கு நான் முன்னால் தகர டப்பாவில் ஸ்பேனரால் தட்டிக்கொண்டே நடப்பேன். பின்னால் ஆரஞ்சு கார் பூனை மாதிரி வரும். ரோஜாத் தோட்டத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களுக்காக வேண்டிக்கொண்டார்கள்.

இரண்டு விஷயங்களை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஒன்று, நிஜ மேளக்காரர்கள் யாரும் ஒத்திகையில் நான் நடந்ததுபோல, ஷிஃப்டுக்கு லேட்டானவன் மாதிரி நடப்பதில்லை. இன்னொன்று, எங்கள் மூளையெல்லாம் லேப்டாப்பில் இருந்தது. கிளட்ச் லேப்டாப்பில் இல்லை. ரேஸ் கிளட்சுக்கு 'கொஞ்சம்' என்ற வார்த்தையே தெரியாது. பிடித்தால் முழுசாகப் பிடிக்கும், விட்டால் முழுசாக விடும். அரைகுறையாக வைத்து ஊர்ந்தால் தேய்ந்து புகையும்.

நிச்சயதார்த்தக் காலை. முன்னால் மேளம், அடுத்து தட்டுகளோடு பெண்கள், கடைசியில் பட்டு வேட்டியில் அண்ணன். காரின் பக்கத்தில் நான் நடந்தேன். முதல் தெரு வரை பிரமாதம். கார் இருக்கிறதா என்று மேளக்காரர் திரும்பிப் பார்த்துக்கொண்டார், அவ்வளவு அமைதி.

இரண்டாவது தெருவில் ஒரு வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர், நல்லா வாசிக்கிறப்பா என்றார். அதோடு மேளக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு தனி ஆவர்த்தனம். நடை ஊர்தலாகி, ஊர்தல் நெளிதலானது. அண்ணன் இடது காலால் பெடலை மிதித்து மிதித்து விடுவது ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. முன்னால் போன பெண்கள் மூக்கைச் சுருக்கி, யார் வீட்டிலோ பாயசம் அடிப்பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பாயசம் அல்ல, கிளட்ச்.

பெண் வீட்டுப் பந்தல் கண்ணுக்குத் தெரிகிறது. வாசலில் மாமன் கைகட்டி நிற்கிறார். இன்னும் கொஞ்சம் ஊர்ந்தால் கிளட்ச் செத்து கார் நிற்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் தட்டு வரிசையே பானெட்டில் உட்காரும். அண்ணன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். கார் உருண்டுகொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து இறங்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்.

நானும் பின்னால் ஓடிக் கை வைத்தேன். தெருவோ லேசான மேடு. அண்ணன் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, மறு கையால் தள்ள, கார் அது பாட்டுக்குத் தண்ணீர்க் குழாயைப் பார்த்துப் போனது. சபையில் கூப்பிடும்வரை வெளியே வரக்கூடாத மஞ்சுளா, எதைப் பற்றியும் கவலைப்படாமல் படியிறங்கி நேராக வந்தார்.

"நவுருங்க. நீங்க தள்ளுங்க, நான் புடிக்கிறேன்."

அந்த ஓட்டுநர் இருக்கையில் அதுவரை அண்ணன் யாரையும் உட்காரவிட்டதில்லை. மகன் மேல் சத்தியமாகச் சொல்லிக் கேட்ட பெங்களூர்க்காரருக்கே மறுத்தவர், கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். ரேஸ் சீட்டின் பள்ளத்துக்குள் மஞ்சுளா முழுகிப் போக, வெளியே தெரிந்தது மல்லிகைப் பூவும் ஸ்டீயரிங்கைப் பிடித்த வளையல் கைகளும்தான். குழாய் பிழைத்தது.

மாமன் மெதுவாக நடந்து வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். வேர்வையில் ஊறிய மாப்பிள்ளையைப் பார்த்தார். "முந்தல. நிக்கல. சத்தமும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, எனக்குப் பக்கத்தில் வந்து கை வைத்தார்.

"எல்லாத்தையும் கழட்டிட்டேன்னு சொன்னியாமே மாப்ள, அப்பறம் ஏன்யா இந்தக் கனம் கனக்குது?"

அந்த 'மாப்ள'வைக் கேட்டதும் அண்ணன் தள்ளுவதை நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். நிறுத்தவில்லை. இன்னும் வேகமாகத் தள்ளினார். மேளத்தை முந்திவிடாதபடி மஞ்சுளாதான் பிரேக் பிடித்தார்.

இப்போது எனக்கு வேலை புனேயில். வேகமான கார்களைப் பற்றி விடிய விடியப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் என் வாழ்க்கையில் மிக வேகமான இருநூறு அடி எது என்று யாராவது கேட்டால், பர்கூரில் அந்த மேட்டுத் தெருவைத்தான் சொல்வேன். அண்ணா, இன்னொரு தடவை எங்கேயாவது வண்டி நின்றுபோனால் ஒரு போன் போடுங்கள். லீவு போட்டுவிட்டு வந்து தள்ளுகிறேன்.