கழிவுநீர் நிலையத்தை எதிர்த்து முழங்கியதைத் திரும்பப் பெறும் மடல்

வட்டார நீர் வாரியத்தின் பொறியாளரும், என் இல்லாளின் ஒரே தம்பியும், என்மீது சினம் ஆறாதவருமாகிய மைத்துனருக்கு,

தங்கள் அத்தான் எழுதுவது. நான் நலம். தங்கள் அக்காளும் நலம். வீடுதான் நலமில்லை.

பெருகிவிட்ட மக்களுக்காக நான்கு ஊர்களுக்கும் பொதுவாக ஒரு குடிநீர்க் குழாய், ஒரு கழிவுநீர் நிலையம், ஒரு குப்பைக் கிடங்கு. செலவில் பாதி அரசு தரும், மீதியை வீடுதோறும் மாதக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பாதி வீடுகளாவது ஒப்பாவிட்டால் நம் ஊரை விட்டுவிட்டு மற்ற மூன்று ஊர்களுக்கே பணம் போய்விடும் என்று ஞாயிறு மாலை நகர அரங்கில் விளக்கினீர்கள். உடனே நான் எழுந்தேன். நான் எழுந்ததுமே தாங்கள் பையை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டீர்கள். அவையோருக்கு விரிவாக வணக்கம் சொல்லி, “குடிக்கும் நீருக்கும் கட்டணமா! கழிக்கும் நீருக்கும் கப்பமா!” என்று ஒன்றேகால் மணி நேரம் முழங்கினேன். அரங்கமே மெய்மறந்தது. பின்வரிசையினர் காதருகே கையைக் குவித்துக்கொண்டு கேட்டனர். முடிந்ததும் தாள்களை நீட்டிக் கையெழுத்துக் கேட்டு ஒரு பெருங்கூட்டம். படிக்க நேரமேது? போட்டுக்கொண்டே வந்தேன்.

செவ்வாய் காலை, தலையில் நுரையோடு கீழ்த்தளக் குளியலறையில் நிற்கிறேன். தண்ணீர் போகவேண்டிய துளை வழியே தண்ணீர் வருகிறது. என் தண்ணீர் அன்று; மாடியிலிருந்து இறங்கியது. நாங்கள் மூவராய் வாழ்ந்த நாளில் தோண்டிய கழிவுநீர்த் தொட்டி. அதை நம்பி இரண்டு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டவன் நான். இன்று இருபத்திரண்டு பேர். மாடியில் குடியிருக்கும் தையற்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்து, “சார், நாங்க பல்லு தேய்க்கலாமா, இல்ல நீங்க வெளிய வர்ற வரைக்கும் பொறுக்கணுமா?” என்கிறார்.

தொட்டி உறிஞ்சும் லாரிக்காரரை வரவழைத்தேன். குழாயைத் தோளில் போட்டபடி நின்றார்.

“எடுத்துடலாம் ஐயா. எங்க ஊத்துறது?”

“அஃது உம் தொழில் அன்றோ?”

“பழைய பள்ளம் ரொம்பிப் போச்சு. ஊர்ல தினம் ஒரு வீடு முளைக்குது, எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுறாங்க. அந்த நிலையம் வந்தாத்தான் எனக்கும் விடிவு.”

“அதை எதிர்த்து முழங்கியவன் யானே!” என்றேன், பழக்கத்தில் மார்பை நிமிர்த்தி.

“அப்படியா? அப்ப நீங்களே சொல்லுங்க. வீட்டுக்குப் பின்னாடி தோட்டம் ஏதும் இருக்குதா?”

ஓடிப்போய்த் தோட்டக் கதவைத் தாழிட்டேன், தம்பி. “வேற இடம் கிடைச்சா நாளைக்கு வர்றேன்” என்று குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம் என் மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். எந்தத் தரையில் அவனைத் தவழவிடுவேன்? எதிர்வரிசையில் எழும்பும் வீடுகளுக்கும் குழந்தைகள் வருவார்களே, அவர்களுக்கு என்ன விடை சொல்வேன்? என் ஒரு நாக்கின் பிழைக்கு ஊரையே ஒறுத்துவிடாதீர்கள். கட்டணம் கட்டுகிறேன், மாடிக்கு மாடி தனித்தனியே கட்டுகிறேன். வெள்ளியை மட்டும் சற்றுத் தள்ளிப் போடுங்கள். வீடுவீடாகச் சென்று, குரலை உயர்த்தாமல், ஒப்புதல் வாங்கி வருகிறேன்.

தங்கள் இல்லத்துத் துளைகள் அனைத்திலும் தண்ணீர் என்றென்றும் கீழ்நோக்கியே செல்க என வாழ்த்தும்,
அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தங்கள் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கிறாள்.

“ஏங்க, நீங்க வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே மைக்கை நிறுத்தச் சொல்லி மைக்செட்காரருக்குக் கண்ணைக் காட்டிட்டேன். யாருக்கும் ஒண்ணும் கேக்கல. கையைத் தூக்கித் தூக்கிப் பேசினதப் பார்த்து, மச்சினனுக்கு ஆதரவாப் பேசுறீங்கன்னு நெனச்சிட்டாங்க. உங்ககிட்ட நீட்டினது பூரா ஒப்புதல் படிவம், பாதி வீட்டுக்கு மேலயே வந்திடுச்சு. அத்தனையிலயும் சாட்சி நீங்கதான். நேத்தே தம்பிகிட்ட சேர்த்துட்டேன். பாவம், ரெண்டு நாளா அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, அதான் சொல்லல.”

ஆகவே மேற்கண்டவற்றைக் கிழித்தெறிக. அடிக்கல் விழாவில் நிலையத்தை ஆதரித்துப் பேச எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குக. ஒலிபெருக்கிக்காரரை நானே அழைத்து வருகிறேன். தங்கள் அக்காளை மேடைக்கு முதுகு காட்டி உட்கார வைக்கவும்.