பெருமாள் தாத்தா பேரில் என் இனிப்பு நீர்

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரே விரலால் ஆம்புலன்ஸை வரவழைத்தவன் நான். (பெருமை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.)

சிம்பாங் ரெங்கத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்கி உட்கார வைப்பது. ஒருநாள் டேப்லெட் வந்தது. தாத்தா பாட்டிகளின் பிரஷர், இனிப்பு நீர் (ரத்தத்துச் சர்க்கரைதான்) எல்லாவற்றையும் அதில் ஏற்றினால் போதும். டாக்டருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த நிமிடமே போய்விடுமாம். தொட்டுப் பழகச் சொல்லிவிட்டு எங்கள் நர்ஸ் சாந்தி மிஸ்ஸி பசியாறப் போனார்.

பழகினேன். வயசானவர்களைச் சும்மா குத்துவானேன்? என் விரலையே குத்திக்கொண்டேன். கருவி பத்தொன்பது காட்டியது. அதை எங்கே எழுதுவது? டேப்லெட்டில் என் பேர் இல்லை. முதல் பக்கத்தில் பெருமாள் தாத்தா படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே எழுதி அழுத்தினேன். திரை முழுக்கச் சிவப்பு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

தாத்தாவுக்கு அன்று கெலாங் பாத்தாவில் பேத்தி கல்யாணம். அவர் கையால்தான் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும். பட்டு வேட்டியோடு வாசலில் காருக்காகக் காத்திருந்தார்.

கார் வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. திரையைப் பார்த்து டாக்டர் அனுப்பிவிட்டாராம். மண்டபத்திலிருந்து மகள் போனில் அழுகிறார். மிஸ்ஸி கழுவாத கையோடு ஓடி வருகிறார். இரண்டு பேர் தாத்தாவை வேட்டியோடு தூக்கிப் படுக்க வைத்தார்கள். தாத்தா உதைத்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா. கல்யாணத்துக்குப் போவணும், வுடுங்கடா."

"இனிப்பு நீர் ஏறிப்போச்சு தாத்தா. பேசாம படுங்க."

கதவைச் சாத்தப் போனார்கள். குறுக்கே காலை விட்டேன்.

"அது என் ரத்தம்."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஆம்புலன்ஸ்காரர் தாத்தா விரலைக் குத்தினார். ஆறு. நல்ல உடம்புக்கு அதுதான் கணக்காம். என் விரலைக் குத்தினார். இருபதுக்குப் பக்கம். (பயத்தில் கொஞ்சம் ஏறியிருக்கும்.)

"அலமாக். அண்ணே, நீங்க ஏறுங்க."

தாத்தா இறங்கினார். வேட்டியை உதறிக் கட்டினார்.

"படுக்கைய சூடு பண்ணி வச்சிருக்கேன். போய்ப் படு."

அவர் தாலி எடுத்துக் கொடுத்தபோது எனக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் இது உடம்பில் இருந்ததே எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து மாத்திரை.

இப்போது எந்த விருந்தில் நான் லட்டுப் பக்கம் கையை நீட்டினாலும் என் மகள் பந்திக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்:

"சாப்பிடுங்கப்பா. பெருமாள் தாத்தா பேர்ல எழுதிக்கலாம்."