தேய்கிற கெண்டைகள்

முத்துக்குமாரசாமி அளவுகோலைக் கண்ணருகே பிடித்து மறுபடியும் பார்த்தார். ஐந்தரை அங்குலம். போன மாதம் இதே குளத்துக் கெண்டைகளின் சராசரி ஆறு அங்குலம்.

"மரியஜான், மீன் எங்கயாவது சுருங்குமா வே?"

"வெள்ளத்துலயே கிடந்தா துணி சுருங்குதில்லா சாரே?" என்றான் குளத்துக் காவல்காரன். இன்னும் வேலை நிரந்தரமாகாதவன்; அதிகாரி கேட்ட எதற்கும் இல்லை என்று சொல்லமாட்டான்.

மீன்துறை அதிகாரியான முத்துக்குமாரசாமி மெட்ராஸில் மீனியல் மேற்படிப்புப் படித்தவர்; கட்டுரை ஒன்றுதான் பாக்கி. அருமனைக் குளத்தில் ஐந்நூறு குஞ்சு விட்டு, மாதாமாதம் அளந்து, கெண்டையின் வளர்ச்சியைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டும். பங்குனிக்குள் அது போய்ச் சேராவிட்டால் பட்டம் கிடையாது. வளர்ச்சியோ பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தது.

தீனி போதவில்லை என்று கடலைப் பிண்ணாக்கு மூட்டையை இறக்கினார். அடுத்த மாதம் ஐந்து அங்குலம்.

"பிண்ணாக்கு தின்னா ருசிதான் கூடும் சாரே, நீளம் கூடாது" என்றான் மரியஜான்.

விரால் புகுந்து தின்கிறதோ என்று சந்தேகம் வந்தது. தக்கலையிலிருந்து பெரிய கண்ணி வலை ஒன்றை வரவழைத்து, "ஒண்ணையும் விட்டுராதேயும்" என்று மரியஜான் கையிலேயே கொடுத்தார். விரால் ஒன்றுகூட அகப்படவில்லை. அடுத்த மாதம் நாலரை அங்குலம்.

அன்று அவர் அளவுகோலைக் குளத்தில் வீசி எறிந்தார். பிறகு அரசாங்கச் சொத்தாயிற்றே என்று வேட்டியை மடித்துக் கட்டி இறங்கித் தேடி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தக்கலையிலிருந்த வீட்டுக்கே வரச் சொல்லி ஆளனுப்பினார் மேலதிகாரி தெய்வநாயகம். கணக்குத் தாளைப் பார்த்ததும் கொதித்தார்.

"ஊருல மீன் வளரும். உம்ம மீன் தேயுது. இதைத்தான் மெட்ராஸ்ல போய்ப் படிச்சீரா?"

"கொக்கு தின்னுதோன்னு ஒரு சந்தேகம் சார்..."

"கொக்கு சின்னதைத்தானே வே கொத்தும்? பெரிசாப் பாத்துப் பொறுக்கதுக்கு அதுக்கென்ன வீட்டுல விருந்தா? இந்த மாசத்தோட ஆராய்ச்சியை மூட்டை கட்டும்!"

முத்துக்குமாரசாமி கணக்குத் தாளை மடித்துப் பையில் வைத்தார். அப்போது அதிகாரியின் மனைவி பகவதியம்மாள் காப்பியோடு வந்து, அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அருமனைக் குளத்து சாரு நீங்கதானா தம்பி? சனிக்கிழமைதோறும் மரியஜான்கிட்ட நீங்க குடுத்துவிடுத கெண்டை இப்ப ரொம்பச் சின்னதாட்டுல்லா வருது, பழையபடி பெரிசாப் பாத்து அனுப்பப்படாதா?"