மூன்று நாற்காலிக்கு ஒரே அமெரிக்கன்

ஷென்யாங், சீனா
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாரிட்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். என் இடது முழங்கால் தனியாகக் கடிதம் போட்டால் வேறு மாதிரி எழுதும். வாஷிங்டனில் நீயும் உன் வேலையும் உன் ஜன்னலோரச் செடியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இந்த மாதம் பிறந்ததுமே கட்டடம் முழுக்க அறைகளைச் சூடேற்றும் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டார்கள். அதனால் வீட்டுக்குள் பனியனோடும், வெளியே கரடி மாதிரியும் திரிகிறேன்.

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு இது பதில். நீ கேட்டு முடித்ததும், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. நீ சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. இந்த ஊர்த் துணைத் தூதரகத்தில் ஓர் இடம் காலியாகிறது, நீ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கண் வைத்திருக்கிற இடம். ஆனால் அப்பன் குடியிருக்கிற ஊருக்கு மகளை அனுப்ப உன் வெளியுறவு இலாகாவுக்கு இஷ்டமில்லை. என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு உன்னை யாராவது மிரட்டினால் என்ன ஆவது என்று கவலைப்படுகிறார்களாம். பால் கறக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவனை வைத்து ஒரு வல்லரசையே ஆட்டிப் பார்க்கலாம் என்று அவர்கள் நம்புவது எனக்குப் பெருமைதான். ஆக, இந்த மாதக் கடைசிக்குள் நான் ஊரைக் காலி செய்கிறேன் என்று சொன்னால் உன் பெயர் மேலே போகும், இல்லாவிட்டால் வேறு யாருக்கோ போய்விடும். நீ இங்கே வர வேண்டுமானால் நான் இங்கே இருக்கக் கூடாது. இதை யோசித்துக் கண்டுபிடித்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். என்னால் வர முடியாது, கண்ணு. வர மனமில்லாமல் இல்லை, இங்கே என்னை விட மாட்டேன் என்கிறார்கள். நான் இல்லாவிட்டால் இந்த ஊரில் காரியம் நடக்காது. நம்ப மாட்டாய், உன் அம்மா வளர்த்த பெண். அதனால் சென்ற செவ்வாய்க்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

திங்கள் சாயங்காலம் பல்கலைக்கழகத்திலிருந்து பாவ் என்று ஒருவர் போன் செய்தார். அங்கே ஏதோ பிரிவுக்கு டைரக்டர். அமெரிக்காவையும் சீனாவையும் இணைக்கும் வேலைகள் என்று மாணவர்களுக்கு ஒரு கூட்டம், அரசுறவுக்கு ஒருவர், வியாபாரத்துக்கு ஒருவர், பத்திரிகைக்கு ஒருவர், மூன்று அமெரிக்கர்கள் பேசுவதாக ஏற்பாடு, நான் வியாபாரம். சரி என்று என் பழைய கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு போனால், வாசலில் பாவ் வெளிறிப்போய் நிற்கிறார். தூதராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம், நிருபருக்கு விசா இன்னும் வரவில்லையாம். "ஹா சார், நீங்கதான் காப்பாத்தணும்"னு கையைப் பிடிச்சுக்கிட்டார், ஹாகென் இந்த ஊர் வாயில் ஹாதானே. "போஸ்டர் அடிச்சாச்சு. மூணு அமெரிக்காக்காரங்கன்னு மேலிடத்துக்கு அனுப்பி கையெழுத்தும் வாங்கியாச்சு. போட்டோவுல யாரு எங்க உக்காரணும்னு படம் வரைஞ்சு அதுக்கும் கையெழுத்து. இப்ப மாத்தணும்னா திரும்ப முதல்லேருந்து ஒவ்வொரு மேஜையா ஏறி இறங்கி வரணும், அதுக்குள்ள பசங்க படிச்சு முடிச்சுப் போயிடுவாங்க."

"வேற அமெரிக்காக்காரன் யாராவது கிடைக்க மாட்டானா?"ன்னு கேட்டேன்.

"தேடிப் பாத்துட்டுதான் சார் உங்ககிட்ட நிக்கறேன். இந்த ஊர்ல நீங்கதான் பாக்கி."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கு எங்கேயோ போய்த் தைத்தது. ஒரு காலத்தில் வியாழக்கிழமை சீட்டாட்டத்துக்கு நம் வீட்டில் உட்கார இடமில்லாமல் குளிர்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியாக மிச்சமிருந்த ஜெர்மன்காரன், கார் தொழிற்சாலை டீட்டர், போன வசந்தத்தில் போய்விட்டான். இப்போது நாலு பேருக்கும் சீட்டு போட்டு நாலு கையையும் நானே ஆடுகிறேன். எந்தக் கையில் இருந்தாலும் தோற்றுத்தான் போகிறேன், அது எப்படி என்று புரியவில்லை. அந்தப் பழக்கத்தில்தான், சரி, மூன்று பேராகவும் நானே உட்காருகிறேன் என்று பாவ் கேட்டதற்குத் தலையாட்டிவிட்டேன்.

மேடையில் மூன்று நாற்காலி, மூன்று பெயர்ப் பலகை, தூதர், வணிகர், நிருபர். முதல் வரிசையில் பெரிய மனிதர்கள். அறிவிப்பாளர் தூதரை அழைத்தால் நான் எழுந்து முதல் நாற்காலிக்குப் போய்க் கும்பிடு போட வேண்டியது, வணிகரை அழைத்தால் நடுவில் உட்கார வேண்டியது, நிருபரை அழைத்தால் அந்தக் கோடிக்கு ஓட வேண்டியது. ஒவ்வொரு தடவையும் கைதட்டினார்கள், மாரிட், புது ஆள் வந்த மாதிரியே. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. கையெழுத்தாகி வந்த ஏற்பாட்டைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

தூதராகப் பேசுவது சுலபமாக இருந்தது. நீ போனில் எனக்குப் பதில் சொல்கிற மாதிரியே பேசினேன். எதைக் கேட்டாலும் அது முக்கியமான விஷயம், இரு தரப்பும் பேசிக்கொண்டிருக்கிறோம், நம்பிக்கை இருக்கிறது, அவ்வளவுதான். முதல் வரிசை தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. வணிகர் நாற்காலியில் உட்கார்ந்து வடக்கே ஹெய்லோங்ஜியாங் மாகாணத்து மாடுகள் அமெரிக்காவிலிருந்து வந்த விஸ்கான்சின் இயந்திரத்தைக் கண்டு எப்படி மிரண்டன என்று சொன்னேன். நிருபர் நாற்காலியில் உட்கார்ந்ததும்தான் வினை. அது நிருபராக இருந்த உன் அம்மாவின் நாற்காலி. உட்கார்ந்த நிமிஷமே எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னதை நம்பாதீங்க. இவர் எப்பக் கேட்டாலும் எல்லாம் நல்லபடியா போகுதுன்னுதான் சொல்வார். கம்பெனியை மூடின அன்னைக்கும் அதையேதான் சொன்னார்"னு சொல்லிட்டேன். என் லினெட் இருந்திருந்தால் இன்னும் நாலு போட்டிருப்பாள். அவள் கண்ணை மூடி நாலு வருஷமாகியும் எனக்கு எதிர்வாதம் இன்னும் கிடைக்கவில்லை.

அப்புறம் கேள்வி நேரம். மூணாவது வரிசையிலே கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு எழுந்து, தூதரைக் கேக்கணும்னு சொல்லிச்சு. நான் முழங்காலைத் தேய்ச்சுக்கிட்டு முதல் நாற்காலிக்குப் போய் உக்கார்ந்தேன்.

"உங்க வேலையில ரொம்பக் கஷ்டம் எதுங்க?"

நான் உன்னை மாதிரி ஏதாவது வழவழவென்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வேறு மாதிரி வந்துவிட்டது. "நான் வளந்த ஊர் ஒண்ணு இருக்கும்மா. அங்க வேலைக்குப் போகணும்னு எனக்கு ஆசை. அங்க என் அப்பா இருக்கார். அவர் இருக்கற வரைக்கும் என்னை அனுப்ப மாட்டாங்க."

"அவரை வேற ஊருக்குப் போகச் சொல்லலாமே?"

"போயிட்டா நான் வரலாம். ஆனா வந்து பாத்தா அவர் இருக்க மாட்டார்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். அடுப்புல ஏதோ கருகுதுன்னு போனை வச்சுட்டார்."

அரங்கம் முழுக்கச் சிரித்தது. முதல் வரிசைகூடச் சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், "பாவம் நீங்க"ன்னு சொல்லிட்டு உக்கார்ந்துட்டா. நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ எத்தனை வருஷமாய் அதில் உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பிறகு விருந்து. வட்ட மேஜையிலும் எனக்கு மூன்று இடம், மூன்று குட்டிக் கோப்பை. துணைவேந்தர் தூதருக்காகக் கோப்பையைத் தூக்கினார், உதட்டை நனைத்துக்கொண்டேன். வணிகருக்காகத் தூக்கினார், அந்தச் சோளச் சாராயத்தை ஒரே மூச்சில் கவிழ்த்தேன், தொழில் பழக்கம். நிருபருக்காகத் தூக்கியபோது உன் அம்மா செய்வாளே, அந்த மாதிரி தேநீர்க் கிண்ணத்தில் ஊற்றிவிட்டேன், பிறகு அதையே தேநீர் என்று நினைத்துக் குடித்துத் தொலைத்தேன். புளித்த முட்டைக்கோஸும் பன்றியிறைச்சியும் போட்ட குழம்பு, பிரமாதம். கடைசியில் மூன்று பூங்கொத்தும் மூன்று சான்றிதழும் கொடுத்தார்கள். பாவ் என்னைக் கட்டிக்கொண்டு, "அடுத்த வருஷமும் நீங்கதான் சார், மூணு பேரும் வரணும்"னு சொல்லிட்டார்.

வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் கீழ்வீட்டு சியூ அம்மா. பூங்கொத்துகளைப் பார்த்துவிட்டு, "ஹா அண்ணே, இத்தனை பூவோட வர்றீங்களே, யாருக்குக் கல்யாணம்?"னு கேட்டாங்க. எனக்கு வந்த பூன்னு சொன்னேன். "வீட்டுல இதை வைக்க ஜாடி இருக்கா?"ன்னாங்க. இல்லை. உன் அம்மாவின் ஜாடிகளை நீ கொண்டுபோய்விட்டாயே. மூன்றையும் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் நிறுத்தி வைத்தேன். இரண்டு நாளாய்ப் பாத்திரம் கழுவவில்லை, அவ்வளவு பாத்திரம் விழுவதும் இல்லை.

ஆக, மகளே, இதிலிருந்து உனக்குப் புரிந்திருக்கும். இந்த ஊரில் என் கால் பதியாத மேடை இல்லை, மூன்று ஆள் வேலையை ஒருவனாகச் செய்கிறேன், அடுத்த வருஷத்துக்கும் இப்போதே வாக்குக் கொடுத்தாயிற்று. இப்படிப்பட்டவனை ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்வது நியாயமில்லை என்று உன் இலாகாவில் எடுத்துச் சொல். வேறு நல்ல ஊர் உனக்குக் கிடைக்கும். வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. எந்த ஊரில் இருந்தாலும் என் ஆசி உன்னோடு இருக்கும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அப்பா
ரஸ்ஸல் ஹாகென்

பின்குறிப்பு: ராத்திரி கடிதத்தை ஒட்டாமல் வைத்தேன், காலையில் படித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்ததுதான், ஆனால் விடமாட்டேன் என்கிறார்கள் என்று எழுதினேனே, அது மட்டும் பொய். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. அதற்கு முன்பும், பாவ் ஒருவரைத் தவிர, இந்த ஊரில் யாரும் செய்ததில்லை. இது கைக்குக் கிடைத்ததுமே இலாகாவில் சொல்லிவிடு, அப்பா கிளம்புகிறார் என்று. விஸ்கான்சினில் என் தம்பி வீட்டு மேல் அறை காலியாகத்தான் இருக்கிறது, பேசிவிட்டேன். நீ வரப்போகிறாய் என்று சியூ அம்மாவிடம் சொன்னேன். "பொண்ணு வருதா? சரி, நீங்க போங்க அண்ணே, நாங்க பாத்துக்கறோம்"னு சொல்லிட்டாங்க, கொஞ்சம் அதிகமாவே சந்தோஷமா. நீ இங்கே வந்த பிறகு, உனக்குப் பகலாக இருக்கும்போது எனக்கு அங்கே ராத்திரி. அதை எல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காதே, தோன்றுகிற நேரத்தில் போன் செய். நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.